வலிப்பு வரும் கைக்குழந்தைக்கு எந்த மரபணுப் பரிசோதனை?

ஆறு மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட அன்றிரவு காய்ச்சல் ஏறுகிறது. விடிவதற்குள் இடக்கையும் இடக்காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கி, அரை மணி நேரமாகியும் நிற்காமல், மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகுதான் அடங்குகிறது. காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டு மாதம் கழித்து, காய்ச்சலே இல்லாத ஒரு மாலையில், வெந்நீரில் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடி இழுக்கிறது, இம்முறை வலப்பக்கம். எம்ஆர்ஐயில் ஒன்றும் இல்லை, ஈஈஜியும் இயல்பாகவே இருக்கிறது. மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்கிறார் குழந்தைகள் நரம்பியல் மருத்துவர். ஆய்வகம் தரும் படிவத்தில் பேனல், மைக்ரோஅரே, எக்ஸோம், ஜீனோம் என்று நான்கு பெயர்கள் இருக்கின்றன. நான்குக்கும் நான்கு விலை.

மரபணு ஆலோசகராக நான் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அந்தப் படிவத்தோடு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இதுல எது மேடம் பெரிய டெஸ்ட்? கடன உடன வாங்கியாவது அதையே பண்ணிடறோம்." அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, விடை கிடைத்தால் உங்கள் வீட்டில் எந்த முடிவு மாறும் என்பதைத்தான். மருந்தை மாற்றுவதா, அடுத்த குழந்தையைப் பற்றி முடிவெடுப்பதா, இனி எந்த மருத்துவமனைக்கும் அலைய வேண்டியதில்லை என்று நிம்மதி அடைவதா என்பது தெளிவானால், நான்கு பெயர்களில் எதை முதலில் செய்வது என்பதும் பாதி தெளிவாகிவிடும்.

மருந்து மாறுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மேலே சொன்ன குழந்தையை வைத்தே சொல்லலாம். அது டிராவே நோய்க்குறியின் வரலாறு. பிரெஞ்சு மருத்துவர் சார்லட் டிராவே 1978இல் விவரித்த இந்த நோய்க்கு எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவின் பிழையே பெரும்பாலும் காரணம் என்று 2001இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நரம்பணுக்களின் உறையில் சோடியம் உள்ளே புகுவதற்கான ஒரு வாயிலை உருவாக்குவது அந்த மரபணு. மூளையில் மற்ற அணுக்களை அடக்கிவைக்கும் வேலையைச் செய்கிற நரம்பணுக்கள்தாம் இந்த வாயிலை மிகவும் நம்பியிருக்கின்றன. அவை தளர்ந்தால் அடக்குவார் இல்லாமல் மூளை கொந்தளிக்கிறது. ஆகவே சோடியம் வாயிலை மேலும் அடைக்கும் கார்பமாசெபின், ஃபெனிட்டாய்ன், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் இந்தக் குழந்தைகளுக்கு வலிப்பைக் கூட்டிவிடும். வால்ப்ரோயேட், க்ளோபசாம், ஸ்டிரிபென்டால், ஃபென்ஃப்ளூரமின் ஆகியவையே இங்கு உதவுபவை. ஆனால் கேசிஎன்க்யூ2 என்ற மரபணுவின் பிழையால் பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வரும் குழந்தைக்கு அதே கார்பமாசெபின் கைகொடுக்கிறது. எஸ்சிஎன்2ஏ இன்னும் நுட்பமானது: முதல் மூன்று மாதத்துக்குள் தொடங்கும் வலிப்புக்குப் பெரும்பாலும் சோடியம் வாயிலை அடைக்கும் மருந்து நன்மை செய்யும், அதற்குப் பிறகு தொடங்குவதற்குத் தீமை செய்யும். வால்ப்ரோயேட்டும் எல்லாருக்கும் பாதுகாப்பானதன்று. பிஓஎல்ஜி மரபணுவில் பிழையுள்ள குழந்தைக்கு அது கல்லீரலையே செயலிழக்கச் செய்யக்கூடும்.

தடுப்பூசியைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்தத் தாய் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அதைத்தான் மனத்தில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருப்பார். தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரை ஆஸ்திரேலியாவில் சாமுவேல் பெர்கோவிச்சும் சக ஆய்வாளர்களும் பரிசோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். 11 பேரிடம் எஸ்சிஎன்1ஏ பிழை இருந்தது. ஊசி காய்ச்சலைக் கொண்டுவந்தது, காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்னதாக வெளிக்கொண்டுவந்தது. நோயோ குழந்தை கருவாகும்போதே உடன் வந்தது. நான் பார்த்தவரை, மருந்து மாற்றத்துக்கு அடுத்தபடியாகப் பெற்றோருக்கு மிகவும் பயன்பட்ட செய்தி இதுதான்.

பரிசோதனைகளை ஒப்பிடுவதற்கு முன்னால், எந்த மரபணு அறிக்கைக்காகவும் காத்திருக்கக் கூடாத இரண்டு நோய்கள் இருக்கின்றன. பிறந்த சில நாட்களில் எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு வந்தால், அது பிரிடாக்சின் எனப்படும் பி6 உயிர்ச்சத்தைச் சார்ந்த வலிப்பாக இருக்கலாம். அந்த உயிர்ச்சத்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. ஏஎல்டிஎச்7ஏ1 மரபணுவைப் படித்து உறுதிசெய்வது பிறகு வரட்டும். அதேபோல, ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் தண்டுவட நீரில் மட்டும் குறைவாக இருந்தால், மூளைக்குள் குளுக்கோஸைக் கொண்டுசெல்லும் புரதத்தில் கோளாறு என்று பொருள். அதற்கு மாத்திரையைவிட, கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்த கீட்டோஜெனிக் உணவுமுறையே மருந்து. அறிக்கை வரச் சில வாரங்கள் ஆகும். அத்தனை வாரங்களை மூளைக்கு நாம் கடனாகக் கேட்க முடியாது.

நான்கு பரிசோதனைகளும் என்ன பார்க்கின்றன என்பதை விளக்க நான் பனையோலைச் சுவடியைத்தான் எடுத்துக்கொள்வேன். சுவடியில் பல வகையில் குறை நேரலாம். ஏடுகளே சில காணாமல் போயிருக்கலாம் அல்லது ஒரே ஏடு இருமுறை படியெடுக்கப்பட்டிருக்கலாம். ஏடு எல்லாம் இருந்தும் ஒரே ஒரு எழுத்துப் பிழையால் பொருள் கெட்டுப் போயிருக்கலாம். எழுத்தும் சரியாக இருந்து, ஏடுகள் கயிற்றில் கோக்கப்பட்ட விதம் மாறியிருக்கலாம். மைக்ரோஅரே முதல் வகையைப் பார்க்கிறது, எழுத்தைப் படிப்பதில்லை. பேனல், எக்ஸோம், ஜீனோம் மூன்றும் எழுத்தைப் படிப்பவை. மூன்றாம் வகைக்கு, குரோமோசோம்களை நுண்ணோக்கியில் நேரே பார்க்கும் பழைய கேரியோடைப்பிங் இன்றும் தேவைப்படுகிறது. 20ஆம் குரோமோசோம் வளையமாகச் சுருண்டுகொள்ளும் ஒரு வலிப்பு நோய் உண்டு. அதில் பலருக்கு ஏடு எதுவும் குறைவதில்லை என்பதால் மைக்ரோஅரே 'இயல்பு' என்றே சொல்லும்.

பேனல் என்பது வலிப்போடு தொடர்புள்ள மரபணுக்களை மட்டும், சில பத்து முதல் சில நூறு வரை, தேர்ந்தெடுத்துப் படிப்பது. டிராவே போல நோயின் முகம் பளிச்சென்று தெரியும் இடத்தில் அது போதும். தேவையற்ற செய்திகள் வராது, அறிக்கையும் படிக்க எளிதாக இருக்கும். அதன் குறை, பட்டியலில் இல்லாததைப் பார்க்காது என்பது. பட்டியல் தயாரான ஆண்டுக்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட மரபணு அதில் இருக்காது. அமெரிக்காவின் மரபணு ஆலோசகர் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டி, காரணம் தெரியாத வலிப்புக்கு எக்ஸோம் அல்லது ஜீனோம், இல்லையென்றால் 25க்கும் மேற்பட்ட மரபணுக்கள் கொண்ட பேனல் முதலில் செய்யப்பட வேண்டும் என்கிறது. மைக்ரோஅரே அதற்குப் பிறகுதான். நம் ஊரிலோ, பல ஆய்வகங்கள் எக்ஸோமைப் படித்துவிட்டு அதிலிருந்து வலிப்பு மரபணுக்களை மட்டும் பிரித்தெடுத்துப் பேனல் என்ற பெயரில் அறிக்கை தருகின்றன. விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் பேனலுக்குப் பணம் கட்டுவதில் நான் பொருள் காண்பதில்லை.

எக்ஸோம், ஏறத்தாழ 20,000 மரபணுக்களின் புரதம் செய்யும் பகுதிகளைப் படிக்கிறது. மனித ஜீனோமின் 300 கோடி எழுத்துகளில் அது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்குதான் என்றாலும், நாம் இதுவரை அறிந்த நோய்ப் பிழைகளில் மிகப் பெரும்பான்மை அங்கேதான் இருக்கின்றன. சுவடி உவமையில் சொன்னால், உரையை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் படிப்பது எக்ஸோம். மூலமும் உரையும் சேர்த்துப் படிப்பது ஜீனோம். இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தில் கவனமாக இருங்கள்: 'கிளினிக்கல் எக்ஸோம்' என்று மலிவாகத் தரப்படுவது நோயோடு தொடர்பு அறியப்பட்ட சில ஆயிரம் மரபணுக்களை மட்டுமே கொண்டது. இன்றைக்கு அது போதுமானதாகவே இருக்கலாம், ஆனால் நாளை புதிதாக ஒரு மரபணு கண்டறியப்படும்போது திரும்பிப் பார்க்க அதில் எதுவும் இருக்காது.

உரையையும் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு 2024 ஒரு வலுவான காரணத்தைத் தந்தது. ஆர்என்யூ4-2 என்ற, 141 எழுத்துகளே கொண்ட, புரதம் எதுவும் செய்யாத மிகச் சிறிய மரபணுவில் ஏற்படும் பிழை, வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குக் காரணமாக இருப்பது இங்கிலாந்தின் ஜீனோம் தரவிலிருந்து தெரியவந்தது. அவர்களில் பலருக்கு வலிப்பும் உண்டு. புரதம் செய்யாததால் பொதுவாக எக்ஸோம் அந்த இடத்தைப் படிப்பதே இல்லை. எத்தனையோ குழந்தைகளின் எக்ஸோம் அறிக்கைகள் இதனால்தான் வெறுமையாக வந்திருக்கின்றன. டிராவே நோயிலும்கூட, எஸ்சிஎன்1ஏயின் இடைப்பகுதிகளில் ஆழமாக ஒளிந்திருக்கும் சில பிழைகள் எக்ஸோமுக்குத் தப்பி ஜீனோமில்தான் பிடிபடுகின்றன.

எண்களைப் பார்த்தால் ஜீனோம் எல்லாவற்றையும் வென்றுவிடுவது போலத் தோன்றும். வலிப்பு நோயில் பல ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், காரணம் கண்டறியப்பட்ட விகிதம் மைக்ரோஅரேக்கு 9 சதவீதம், பேனலுக்கு 19, எக்ஸோமுக்கு 24, ஜீனோமுக்கு 48. ஆனால் அந்த 48, மிகச் சில ஆய்வுகளிலிருந்து வந்தது. அவற்றில் சேர்க்கப்பட்டவர்களும் கடுமையான நோய் உடையவர்கள். இதைவிட நம்பத்தக்கதாக நான் கருதுவது 2023இல் வெளியான ஜீன்-ஸ்டெப்ஸ் ஆய்வு. மெல்போர்ன், டொரண்டோ, லண்டன், பாஸ்டன் ஆகிய நகரங்களின் குழந்தைகள் மருத்துவமனைகளில், புதிதாக வலிப்பு தொடங்கிய 100 கைக்குழந்தைகளுக்கு, பெற்றோருடையதையும் சேர்த்து விரைவாக ஜீனோம் படிக்கப்பட்டது. 43 பேருக்குக் காரணம் தெரிந்தது. வலிப்பு தொடங்கியதிலிருந்து முடிவு கைக்கு வர ஆன காலத்தின் இடைநிலை 37 நாட்கள். காரணம் தெரிந்தவர்களில் 24 பேருக்கு, அதாவது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, அந்த விடை சிகிச்சை முடிவுக்கே பயன்பட்டது. நான் இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது ஜீனோமின் பெருமையைவிட அந்த 37 நாட்களைத்தான். ஒவ்வொன்றாக மலிவானதிலிருந்து தொடங்கி, ஒன்றில் இல்லையென்றால் அடுத்தது என்று இரண்டு ஆண்டுகள் ஏறி இறங்கும் குடும்பம், முடிவில் ஒரே எக்ஸோமுக்கு ஆகும் பணத்தைவிட அதிகமாகவே செலவழித்திருக்கும், காலத்தையும் இழந்திருக்கும்.

மைக்ரோஅரேக்கு வலிப்பில் 9 சதவீதம்தான் என்றாலும், வலிப்போடு வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் இதயம் அல்லது முகத்தின் அமைப்பில் மாறுபாடும் சேர்ந்திருந்தால் அதன் மதிப்பு உயர்கிறது; அத்தகைய குழந்தைக்கு அதையே முதலில் செய்யச் சொல்லத் தயங்க மாட்டேன். இன்னொரு வகைக் குழந்தை, காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருக்கும், பேச்சு வராது, நடை தள்ளாடும்; ஏஞ்சல்மன் நோய்க்குறியாக இருக்கக்கூடிய அதற்கு, டிஎன்ஏமேல் உள்ள வேதிக்குறிகளைப் பார்க்கும் மெத்திலேஷன் பரிசோதனைதான் முதலில். குரோமோசோம் 15இல் தாய் வழி வந்த பகுதி வேலை செய்யாமல் போவதே அங்கு நோய், அது பெரும்பாலும் எழுத்துப் பிழையால் வருவதில்லை. ஃபிரஜைல் எக்ஸ் நோயில், மூன்று எழுத்து 200 முறைக்கு மேல் திரும்பத் திரும்ப வருவதே பிழை. அதற்கும் தனிச் சோதனை வேண்டும்.

இப்போது மேசைக்கு வருகிறேன். பரிசோதனையை முடிவுசெய்வதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப மரத்தை வரைவேன்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வலிப்பு வந்தவருக்கு உள்ளே கறுப்பு. கணவன் மனைவிக்கு இடையே ஒரு கோடு. அவர்கள் உறவினர் என்றால் இரட்டைக் கோடு. "சொந்தமா?" என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள், "அம்மாவோட அம்மாவும் இவரோட தாத்தாவும் கூடப் பிறந்தவங்க, அது ரொம்பத் தூரம்" என்று பத்து நிமிடம் கழித்து வரும். அந்த இரட்டைக் கோடு பரிசோதனைத் தேர்வை மாற்றுகிறது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வளர்ச்சிக் குறைபாடுள்ள 13,449 பேரை ஆராய்ந்த ஒரு பெரிய திட்டத்தில், 2023இல் வெளியான முடிவின்படி, ஏறத்தாழ 41 சதவீதத்தினருக்குக் காரணம் தெரிந்தது. பெற்றோரையும் சேர்த்துச் சோதித்து விடை கிடைத்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய பிழையே காரணம். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் உள்ள நம் ஊரில் அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே தந்தையும் தாயும் ஒரே பிழையைச் சத்தமில்லாமல் சுமந்து, குழந்தைக்குத் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என மரபணுவின் இரண்டு படியும் பிழையோடு சேரும் நோய்கள் கூடுதல். புதிய பிழை என்றால் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றுக்கு ஒன்று அளவில் இருக்கும். இரு பக்கமும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒன்று.

இதனால்தான், குழந்தையின் ரத்தத்தை மட்டும் அனுப்புவதா, தாய் தந்தை இருவருடையதையும் சேர்த்து ட்ரையோவாக அனுப்புவதா என்ற கேள்வி எக்ஸோமா ஜீனோமா என்ற கேள்வியைவிட முக்கியமானது. ஊதா மூடி போட்ட குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம், மூவருக்கும். பெற்றோருடையதை ஒப்பிட்டால்தான் பிழை புதியதா, வழிவழியாக வந்ததா என்பது தெரியும்; தெரியாவிட்டால் அறிக்கையில் 'பொருள் தெளிவாகாத மாற்றம்' என்ற பிரிவு நீண்டுகொண்டே போகும். உலகத் தரவுகளில் இந்தியர்களின் ஜீனோம்கள் குறைவாக இருப்பதால், நம்மிடையே சாதாரணமாக உள்ள மாற்றம்கூட அரியதாகத் தோன்றி அந்தப் பிரிவில் இடம்பிடித்துவிடுகிறது. ஒரு குழந்தையின் அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்ததை வைத்து, அதுதான் நோய் என்று ஓரிடத்தில் சொல்லிவிட, குடும்பம் ஓராண்டு அதை நம்பியிருந்தது. என்னிடம் வந்தபோது தந்தையின் ரத்தத்தைச் சோதித்தோம். அதே மாற்றம் அவரிடமும் இருந்தது, அவருக்கு வலிப்போ வேறு குறையோ வந்ததே இல்லை. ஒரு படி கெட்டாலே கடுமையாக வரும் நோய் அது என்பதால், அந்த வரி குழந்தையின் நோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ட்ரையோவுக்குப் பணம் போதாவிட்டால், குழந்தைக்கு மட்டும் முழு எக்ஸோம் செய்துவிட்டு, சந்தேகத்துக்குரிய ஓரிரு இடங்களை மட்டும் பெற்றோரிடம், குறிப்பிட்ட சிறு பகுதியை மட்டும் படிக்கும் சாங்கர் முறையில் சோதிக்கலாம், செலவு குறையும். இரட்டைக் கோடு உள்ள குடும்பத்தில் இந்த வழி இன்னும் எளிதாகப் பலிக்கும், ஏனென்றால் இரு படியிலும் ஒரே பிழை இருப்பது குழந்தையின் தரவிலேயே தனித்துத் தெரியும்.

ஆகவே ஒரு வயதுக்குள் வலிப்பு தொடங்கி, ஸ்கேனில் காரணம் தெரியாத குழந்தைக்கு, கையில் ஒருமுறை செலவழிக்கப் பணம் இருந்தால், முழு எக்ஸோமை ட்ரையோவாகச் செய்யுங்கள் என்பதே என் பரிந்துரை. ஏடு குறைவதையும் அதே தரவிலிருந்து கணக்கிட்டுச் சொல்கிறார்களா என்று ஆய்வகத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்; சொன்னால் மைக்ரோஅரேயைத் தள்ளிப்போடலாம். ஜீனோமை முதலிலேயே செய்வது, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து ஒவ்வொரு நாளும் முக்கியமாக இருக்கும்போது நியாயமானது. வீட்டை அடகு வைத்து அதைச் செய்யச் சொல்ல என்னால் முடியாது. எக்ஸோம் வெறுமையாக வந்தபின் செய்வதற்கு அது காத்திருக்கும். ஸ்கேனில் மூளையின் ஓரிடத்தில் மட்டும் மடிப்பு மாறியிருக்கும் குழந்தைக்கு, பிழை அந்தத் திசுவில் மட்டுமே இருக்கக்கூடும், ரத்தத்தில் எதைச் செய்தாலும் அகப்படாது. அங்கே மரபணுப் பரிசோதனையைவிட அறுவைச் சிகிச்சைக்கான மதிப்பீடு முந்த வேண்டும்.

அடுத்த குழந்தைக்காகவே இதைச் செய்கிறவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். குடும்பத்தின் பிழை எந்த எழுத்தில் இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரிந்தால்தான், 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரமளவில் பனிக்குட நீரிலோ அதைத் தேட முடியும். கருவைச் சோதிப்பதை முறைப்படுத்தும் 1994ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் பதிவுபெற்ற மையத்தில் மரபணு நோய்க்காக இந்தச் சோதனையை அனுமதிக்கிறது. பாலினத்தைச் சொல்வதைத்தான் தடுக்கிறது. இன்னொன்றைச் சொல்வதற்கு மனம் கனக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். நோய் கடுமையாக உள்ள குழந்தைக்குப் பரிசோதனைக்குப் பணம் இன்று இல்லாவிட்டாலும், ரத்தத்தை எடுத்து டிஎன்ஏவைப் பிரித்துச் சேமித்துவைக்கச் சொல்லுங்கள். குழந்தை போய்விட்ட பிறகு தாய் மறுபடி கருவுற்று வந்து நிற்கும்போது, தேடுவதற்கு எதுவும் மிச்சமில்லாத நிலையை நான் பார்த்திருக்கிறேன்.

அறிக்கை வெறுமையாக வந்தால் ஆய்வகத்திடம் மூலத் தரவுக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள். ஒரு தாய் அதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி, தடுப்பூசி அட்டையோடும் வலிப்பு வந்த தேதிகளை எழுதிய நாற்பது பக்க நோட்டோடும் ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கோப்பை மறுபடி அலசினோம். இடைப்பட்ட காலத்தில் நோயோடு தொடர்பு உறுதியான ஒரு மரபணுவில், முன்பு யாரும் பொருட்படுத்தாத ஓர் எழுத்து மாறியிருந்தது. குழந்தையிடமிருந்து அன்று ஒரு துளி ரத்தம்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.